மந்தையும் மன்றமும்: ஃபாக்லாந்து கேம்ப்பின் பண்ணையாளர் கவுன்சிலர் – ஒரு நிகழ்வு ஆய்வு

ஃபாக்லாந்து தீவுகளில் தலைநகர் ஸ்டான்லியைத் தவிர்த்த மற்ற நிலப்பரப்பு முழுவதற்கும் ஒரே பெயர்தான்: கேம்ப். ஸ்பானிய மொழியில் வயல்வெளியைக் குறிக்கும் ‘காம்போ’விலிருந்து வந்த சொல் இது. தீவுக்கூட்டத்தின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 12,000 சதுர கிலோமீட்டர். கிழக்கு, மேற்கு என இரண்டு பெருந்தீவுகளும், அவற்றைச் சுற்றி எழுநூறுக்கும் மேற்பட்ட சிறு தீவுகளும் உண்டு. அரை மில்லியன் அளவுக்குச் செம்மறிகள் மேய்கின்றன. மனிதர்களோ நாலாயிரத்தைத் தொடவில்லை. அவர்களிலும் மிகப் பெரும்பாலோர் ஸ்டான்லிவாசிகள். கேம்ப்பில் வாழ்வோர் சில நூறு பேரே. அந்தச் சில நூறு பேருக்குச் சட்டமன்றத்தில் தனி இடங்கள் இருக்கின்றன. அந்த இடங்களில் நெடுங்காலமாக உட்கார்ந்துவந்தவர்களில் பலர் ஆட்டுப் பண்ணையைச் சேர்ந்தவர்கள்.

இந்த ஆய்வு தனி ஒருவரின் வாழ்க்கை வரலாறாக அமையவில்லை. பண்ணையையும் பதவியையும் ஒருவர் ஒருசேரச் சுமக்கும் ஏற்பாடு எப்படி இயங்கியது, எங்கே முறிந்தது என்பதே இங்கே பொருள். பெரும்பண்ணைகள் உடைந்து குடும்பப் பண்ணைகளானபோது கேம்ப்வாசி முதல்முறையாக யாருக்கும் பயப்படாமல் வாய் திறக்க முடிந்தது. அதே மாற்றம்தான் அவரைப் பண்ணையை விட்டு நகர முடியாதவராகவும் ஆக்கியது. கேம்ப் அரசியலின் அத்தனை சிக்கலும் இந்த முடிச்சிலிருந்தே கிளைக்கிறது.

முதலாளி கடலுக்கு அப்பால்

1851-இல் தொடங்கப்பட்ட ஃபாக்லாந்து ஐலண்ட்ஸ் கம்பெனி 1970-களில் தீவுகளின் நிலத்தில் ஏறத்தாழப் பாதியைத் தன் கையில் வைத்திருந்தது. மீதியிலும் பெரும்பகுதி பிரிட்டனில் இருந்த உரிமையாளர்களுடையது. மொத்தம் முப்பத்துச் சொச்சம் பண்ணைகள். ஒவ்வொன்றும் ஒரு சிற்றூர்: மேலாளருக்குப் பெரிய வீடு, மணமாகாத ஆட்களுக்குப் பொதுச் சமையலுடன் கூடிய விடுதி, குடும்பக்காரர்களுக்குக் கம்பெனி வீடுகள், கணக்கில் பற்று வைக்கும் கம்பெனிக் கடை. தொலைவில் தனி வீட்டில் ஓர் இடையரும் அவர் குடும்பமும். வேலை முடிந்தால் வீடும் போய்விடும். ஓய்வுபெற்றவர் ஸ்டான்லிக்குப் போகவேண்டும், இல்லையென்றால் தீவையே விட்டுக் கப்பலேறவேண்டும்.

தீவில் முதல் பொதுத்தேர்தல் 1949-இல் நடந்தது. ஆனாலும் கேம்ப்பின் குரல் என்பது பெரும்பாலும் பண்ணை மேலாளரின் குரலாகவே இருந்தது. காரணம் எளிது. இடையர் ஒருவர் கூட்டத்துக்குப் போக மேலாளரிடம் விடுப்புக் கேட்கவேண்டும். மேலாளர் தனக்குத்தானே விடுப்புக் கொடுத்துக்கொள்வார். மேலாளர் இல்லாத நாளில் தலைமை இடையர் பண்ணையைப் பார்த்துக்கொள்வார். இருபது முப்பது பேர் உழைக்கும் இடத்தில் ஒருவர் இல்லாதது பெரிதாகத் தெரியாது. அந்த ஏற்பாட்டில் நியாயம் குறைவு, வசதி அதிகம்.

1976-இல் வெளிவந்த ஷாக்கிள்டன் அறிக்கை இதன் அடிவேரைத் தொட்டது. கம்பளியில் ஈட்டிய இலாபம் தீவில் தங்காமல் பிரிட்டனுக்குப் போய்க்கொண்டிருந்ததை அது எண்களோடு காட்டியது. பெரும்பண்ணைகளைப் பிரித்து உழைப்பவருக்கே விற்கவேண்டும் என்ற கருத்து அதன்பின் வலுத்தது. 1980-இல் கிழக்குத் தீவின் கிரீன் பேட்ச் பண்ணையை அரசு வாங்கி ஆறு கூறாக்கிக் குடும்பங்களுக்குக் கொடுத்தது. அதுவே முதல் பிரிவினை.

தீவின் வாய் திறந்த ஆண்டுகள்

பண்ணைச் சீர்திருத்தம் தொடங்கிய அதே நேரத்தில், தீவுகள் பிரிட்டனுக்கா அர்ஜென்டினாவுக்கா என்ற இறையாண்மைப் பிரச்சினை முற்றிக்கொண்டிருந்தது. 1980 நவம்பரில் பிரிட்டிஷ் அமைச்சர் நிக்கலஸ் ரிட்லி தீவுகளுக்கு வந்தார். தீவுகளை அர்ஜென்டினாவுக்குக் கொடுத்துவிட்டு நீண்டகாலக் குத்தகைக்குத் திரும்பப் பெறுவது அவர் முன்வைத்த வழிகளில் ஒன்று. 1981 ஜனவரி 7 அன்று தீவின் சட்டமன்றமான கவுன்சில் நிறைவேற்றிய தீர்மானம், அவர் சொன்ன எந்த வழியும் தனக்கு உவப்பில்லை என்றது. பேச்சு தொடரட்டும், அதில் தீவுக்கும் இடம் வேண்டும், இறையாண்மைச் சச்சரவைக் குறிப்பிட்ட காலத்துக்கு அப்படியே நிறுத்திவைக்கவேண்டும் என்றது. குத்தகைத் திட்டத்தை வானொலியில் வெளிப்படையாக எதிர்த்தவர் கவுன்சிலர் ஏட்ரியன் மங்க். 1981 பிப்ரவரியில் நியூயார்க்கில் நடந்த பேச்சுக்கு அவரும் ஸ்டூவர்ட் வாலஸும் போனார்கள். 1982 பிப்ரவரிப் பேச்சுக்கு மேற்குத் தீவின் ஹில் கோவ் பண்ணையைச் சேர்ந்த டிம் பிளேக்கும், ஸ்டான்லியின் ஜான் சீக்கும் போனார்கள்.

ஐந்து வாரத்தில் போர் வந்துவிட்டது. 1982 ஏப்ரல் 2 முதல் ஜூன் 14 வரை அர்ஜென்டினப் படை தீவுகளில் இருந்தது. கூஸ் கிரீன் குடியிருப்பில் 114 பேரை ஊர்ப்பொது மண்டபத்துக்குள் ஏறத்தாழ நான்கு வாரம் அடைத்து வைத்தார்கள். போர் முடிந்த பிறகும் மேய்ச்சல் நிலத்திலும் கடற்கரையிலும் கண்ணிவெடிகள் கிடந்தன. அந்த இடங்களை வேலியடைத்துப் பயன்பாட்டிலிருந்து விலக்கினார்கள். கடைசி வெடி அகற்றப்பட்டது 2020 நவம்பரில்.

ஆட்டுக்கொட்டகையிலும் சிறிய அவையிலும் பழகியவர்கள் வெளியுறவு அமைச்சர்களுக்கு எதிரே உட்கார்ந்து பேசியது வெறும் தற்செயல் என்று சொல்லிவிட முடியாது. அவ்வளவு சிறிய மக்கள்தொகையில் தொழில்முறை அரசியல்வாதி என்றொரு வகை கிடையாது. இன்றும் ஒவ்வொரு ஜூனிலும் ஐ.நா.வின் காலனிய ஒழிப்புக் குழுவின் முன் தீவின் உறுப்பினர்கள் சென்று பேசுகிறார்கள். ஜூன் அங்கே நடுக்குளிர்காலம், பண்ணையில் வேலை குறைந்த மாதம். கேம்ப் உறுப்பினருக்கு வாய்த்த சில நல்ல பொருத்தங்களில் இதுவும் ஒன்று.

கம்பளி வெட்டும் வாரம்

பிரிவினைக்குப் பின் உருவான குடும்பப் பண்ணை எப்படி இருக்கும் என்பதைக் கணக்கோடு பார்த்தால்தான் பதவியின் பாரம் புரியும். 4,000 ஆடுகள் உள்ள ஒரு பண்ணையை எடுத்துக்கொள்வோம். வெண்புல்லும் டிடில்-டீ புதரும் மண்டிய அமிலக் கரிமண், சத்துக் குறைவு. ஓர் ஆட்டுக்கு இரண்டு ஹெக்டேராவது வேண்டும். ஆகவே பண்ணையின் பரப்பு எட்டாயிரம் ஹெக்டேருக்குக் குறையாது. வேலைக்கு இருப்பது பெரும்பாலும் கணவன், மனைவி, சில நாய்கள், இரண்டு மோட்டார் சைக்கிள்கள்.

கம்பளி வெட்டு நவம்பரில் தொடங்கி ஜனவரி தாண்டியும் போகும். வெட்டுபவர்கள் ஒப்பந்தக் குழுவினர். பண்ணை பண்ணையாக நகர்வார்கள். நல்ல கை ஒரு நாளில் 200 ஆடுகளை வெட்டும். நால்வர் வந்தால் நாளுக்கு 800. ஐந்து காய்ந்த நாட்களில் வேலை முடியும். ‘காய்ந்த’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நனைந்த ஆட்டை வெட்டக்கூடாது. ஈரக் கம்பளியைப் பொதியில் அழுத்தினால் உள்ளே சூடேறி நிறம் மாறும், இழை கெடும். ஆகவே முந்தைய மாலையே மறுநாளைக்கான ஆடுகளைக் கூரைக்கு அடியில் அடைத்தாக வேண்டும். இரவெல்லாம் தீனி இல்லாமல் நிற்பதால் வயிறும் காலியாகும்; நிரம்பிய வயிற்றோடு ஆட்டைப் புரட்டி உட்காரவைத்தால் அது திமிறும், வெட்டுபவருக்கும் ஆட்டுக்கும் காயம். கொட்டகையின் இரவுக் கொள்ளளவு 400 என்றால், மழை பெய்த மறுநாள் 400-ஐத் தாண்டி வெட்ட முடியாது. குழுவில் எத்தனை கை இருந்தாலும் அவ்வளவுதான்.

ஆட்டுக்கு நாலு கிலோ என்று வைத்தால் மொத்தம் 16 டன். பொதிக்கு 180 கிலோ என்றால் ஏறத்தாழ 90 பொதிகள், நாளுக்குப் பதினெட்டு. வெட்டுபவர் வெட்டுவதோடு சரி. கம்பளியை மேசையில் விரித்து எறிந்து, ஓரத்து அழுக்கைக் களைந்து, வயிற்றுப் பகுதியைத் தனியே வைத்து, நுண்மையும் நீளமும் வலுவும் பார்த்துத் தரம் பிரித்து, அழுத்து இயந்திரத்தில் பொதியாக்கிப் பண்ணை முத்திரை குத்துவதெல்லாம் வீட்டார் வேலை. காலியாகும் பட்டியை நிரப்பிக்கொண்டே இருக்கவும் ஓர் ஆள் வேண்டும். குழுவுக்கு மூன்று வேளைச் சாப்பாடும், ‘ஸ்மோக்கோ’ என்று சொல்லும் தேநீர் இடைவேளைகளும் உண்டு. நீல நைலான் கயிற்றின் ஒரு துண்டு பொதிக்குள் விழுந்தால் போதும். அது நூற்பாலைவரை போய்ச் சாயமேறாமல் துணியில் தெரியும், பண்ணையின் பெயர் கெடும். களைத்த ஐந்தாம் நாளில்தான் இத்தகைய பிழைகள் நேரும்.

இனி தேர்தல் நாட்களைப் பாருங்கள். 1985, 1989, 1993, 1997 தேர்தல்கள் அக்டோபரில் நடந்தன. 2001 முதல் 2021 வரை எல்லாமே நவம்பரில். அக்டோபர் குட்டியீனும் காலம். ஆனால் அங்கே பரந்த வெளியில் ஆடு தானே ஈனும். ஆள் குறுக்கே போனால் தாய் மிரண்டு குட்டியை விட்டுவிடும். பண்ணையாளர் விலகியிருக்கவேண்டிய மாதம் அது, கிளம்பிப் போகவும் முடியும். நவம்பர் அப்படியில்லை. தெற்கே முந்தைய பண்ணையில் மூன்று நாள் மழை பெய்தால் வெட்டுக்குழு மூன்று நாள் தாமதமாக வரும். அது வாக்குப்பதிவு வாரமாகவோ புதிய அவையின் முதல் கூட்டமாகவோ இருந்தால், வேட்பாளரின் மனைவியோ கணவரோ பக்கத்துப் பண்ணையாரோ அவர் இடத்தில் நிற்பார்கள். வாக்காளருக்கு மட்டும் சலுகை உண்டு: வாக்குப்பெட்டி வண்டியிலும் சிறு விமானத்திலும் பண்ணை பண்ணையாகப் போய் வாக்கு வாங்கிவருகிறது.

ஒரு நாள் கூட்டம், மூன்று நாள் பயணம்

அரசு விமானச் சேவை 1948-இல் நோயாளியைக் கொண்டுவரும் பறப்போடு தொடங்கியது. முன்பு நீரில் இறங்கும் பீவர் விமானம், பின்பு புல்தரையில் இறங்கும் ஐலண்டர். மறுநாள் யார் எந்தப் பறப்பில் என்பதை மாலையில் வானொலியில் வாசிப்பார்கள். பயணியையும் பையையும் எடை போட்டே ஏற்றுவார்கள். விமானம் இறங்கும்போது தரையில் ஒருவர் இருந்து ஓடுதளத்திலிருந்து ஆடுமாடுகளை விரட்டவேண்டும், தீயணைப்பு வண்டியைத் தயாராக வைக்கவேண்டும். குறுக்குக் காற்றோ மூடுபனியோ வந்தால் பறப்பு நின்றுவிடும். ஆகவே மேற்குத் தீவு உறுப்பினர் புதன்கிழமைக் கூட்டத்துக்குச் செவ்வாயே கிளம்புவார், வியாழன் திரும்புவார். காற்று கெட்டால் வெள்ளி. சரளைச் சாலைகள் போருக்குப் பிறகே கேம்ப் எங்கும் பரவின. அதற்கு முன்பு ஸ்டான்லிக்கும் கூஸ் கிரீனுக்கும் இடையிலான நூறு கிலோமீட்டர் பயணமும் லேண்ட் ரோவரில் ஒரு முழுநாள் வேலை, சேற்றில் புதைந்தால் அதற்கும் மேல்.

தொலைபேசி வருவதற்கு முன் கேம்ப் முழுவதையும் இணைத்தது திறந்த வானொலி அலைவரிசை. ஒருவர் பேசுவதை எல்லோரும் கேட்கலாம். மருத்துவரிடம் நோயைச் சொன்னாலும் ஊரே கேட்கும். நிர்வாகக் குழுவின் இரகசியத் தாள்களைப் பற்றி ஒரு கேம்ப் உறுப்பினர் ஸ்டான்லி சகாவிடம் அதில் கலந்தாலோசிக்க வழியில்லை. ஸ்டான்லி உறுப்பினர்கள் தெருவில் சந்தித்துப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருப்பார்கள். கேம்ப் உறுப்பினர் கூட்டத்தில்தான் அதை முதலில் கேட்பார். தொலைவு வெறும் நேர இழப்பாக நின்றுவிடவில்லை, முடிவெடுக்கும் வட்டத்துக்கு வெளியே அவரை நிறுத்தியது.

நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குவதால் வரவுசெலவுத் திட்ட அமர்வுகள் மே–ஜூனில் வரும். பண்ணையாளர்கள் ஸ்டான்லியில் கூடும் பண்ணையாளர் வாரமும் குளிர்காலத்தில்தான். இந்த இரண்டுக்கும் நேரம் கிடைத்துவிடும். கேம்ப் உறுப்பினர்கள் மற்ற எந்தத் துறையையும்விட வரவுசெலவுத் திட்டத்தில் வலுவாக நின்றதற்கு அவர்கள் சிக்கனத்தைப் போலவே இந்த நாள்காட்டியும் ஒரு காரணம் என்றே கருதவேண்டும்.

கம்பளி விலையும் மீன் பணமும்

1980-களின் முடிவுக்குள் பிரிவினை வேகம் பிடித்து, முப்பத்துச் சொச்சமாக இருந்த பண்ணைகள் எண்பதைத் தாண்டின. வாங்கியவர்கள் கடனில் வாங்கினார்கள். தவணை கம்பளி வருவாயிலிருந்து. 1991 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் கம்பளி அடிப்படை விலைத் திட்டம் சரிந்தது. குவிந்திருந்த கையிருப்பு உலகச் சந்தையை அழுத்தியது. விலை விழுந்ததும் குடும்பப் பண்ணைக்குக் குறைக்க ஒன்றுமில்லை: கூலியாள் இல்லை, வேலியைத் தள்ளிப்போடலாம், நல்ல கிடா வாங்குவதைத் தள்ளிப்போடலாம். இரண்டையும் தள்ளிப்போட்டால் ஐந்தாண்டில் மந்தை தரம் இறங்கும். பலர் ஸ்டான்லியில் இரண்டாவது வேலை தேடிக்கொண்டார்கள், சிலர் பென்குவின் பார்க்க வருவோருக்கு வீட்டை வாடகைக்கு விட்டார்கள்.

தாங்கிப் பிடித்தது கடல். 1986 அக்டோபரில் அறிவித்து 1987 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த மீன்பிடி வலயத்தின் உரிமக் கட்டணம் அரசு வருவாயைப் பல மடங்காக்கியது. அந்தப் பணத்தின் துணையோடுதான் 1991-இல் ஃபாக்லாந்து ஐலண்ட்ஸ் கம்பெனியின் எஞ்சிய பண்ணைகளை அரசே வாங்கியது. சாலை, படகுச் சேவை, டாஸ்மேனியாவிலிருந்து பொல்வர்த் என்ற செம்மறி இனத்தைப் பெருக்குவதற்கான இறக்குமதி எல்லாம் இதன் பின்விளைவுகள். ஸ்டான்லி அருகே சாண்ட் பேயில் ஐரோப்பிய ஒன்றிய அங்கீகாரத்துக்கு ஏற்ற இறைச்சிக்கூடம் 2000-களின் தொடக்கத்தில் வந்தது. அதுவரை கழித்த முதிய ஆடுகள் விலைபோகாமல் கொன்று போடப்பட்டன.

இங்கேதான் அறச்சிக்கல் எழுகிறது. சரக்குக் கட்டண மானியம், கடன் தள்ளிவைப்பு, இறைச்சிக்கூட நட்டம் இவற்றில் எதை அவை பேசினாலும் கேம்ப் உறுப்பினர் பயனாளியாகவும் இருக்கிறார். தன் நலனை அறிவிப்பது விதி. ஆனால் மூன்று கேம்ப் உறுப்பினர்களும் விலகிக்கொண்டால் அந்தத் தொழிலைத் தெரிந்தவர் அறையில் ஒருவரும் மிஞ்சமாட்டார். நலனை வெளிப்படையாகப் பதிவுசெய்துவிட்டு விவரத்தைப் பேசுவதும், தன் பண்ணைக்கு மட்டுமே பொருந்தும் முடிவில் வெளியேறுவதுமே நடைமுறையில் நிற்கும் வழி.

நாய்ச் சட்டம்

பண்ணையறிவும் சட்டமும் ஒன்றையொன்று தாங்கியதற்குச் சிறந்த சான்று நீர்க்கட்டி நாடாப்புழு ஒழிப்பு. ஆட்டின் ஈரலையோ நுரையீரலையோ பச்சையாகத் தின்ற நாயின் குடலில் புழு வளரும், முட்டை மலத்தோடு புல்லில் விழும், அதை மேயும் ஆட்டுக்கும் கைகழுவாத மனிதருக்கும் ஈரலில் கட்டி வரும். 1960-களின் நடுவில் நாய்களுக்குக் கட்டாய மருந்து தொடங்கியது; பின்னர் பிராசிகுவான்டெல் என்ற புழுக்கொல்லி மருந்து வந்தபோது பலன் உறுதியானது. புழு முட்டையிடும் பருவத்தை எட்ட ஆறு வாரமளவு ஆகும். ஆகவே அதற்குள் அடுத்த மாத்திரை போகவேண்டும். தீவு முழுவதும் ஒரே நாளில், ஒரு நாயும் விடாமல். கழிவை நாய் எட்டாத மூடிய குழியிலோ தொட்டியிலோ போடுவதும் சட்டம். தவறுவது எப்போதும் ஒரே இடத்தில்: வீட்டுத் தேவைக்கு ஓர் ஆட்டை அறுத்துவிட்டு அவசரமாகக் கிளம்பும் நாளில். இறைச்சிக்கூடப் பரிசோதனையில் கட்டியுள்ள ஈரல் தென்பட்டால் அது எந்தப் பண்ணை ஆடு என்று தெரிந்துவிடும். அவைக்காக அடிக்கடி வீட்டை விட்டுப் போகும் உறுப்பினரின் நாய்களுக்கு அன்று மாத்திரை கொடுக்கப் பக்கத்துப் பண்ணையாரே பொறுப்பாளர்.

இடங்களின் எண்ணிக்கை

1985 அரசமைப்பு எட்டு உறுப்பினர்களைக் கொண்டுவந்தது. ஸ்டான்லிக்கு நான்கு, கேம்ப்புக்கு நான்கு. 1997-இல் அது ஐந்து–மூன்று ஆனது. 2009-இல் சட்டப்பேரவை என்ற பெயரோடு புதிய அரசமைப்பு வந்தது, பங்கீடு மாறவில்லை. தீவு முழுவதையும் ஒரே தொகுதியாக்கலாமா என்று 2001, 2011, 2020 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் வாக்கெடுப்பு நடந்தது. மூன்றும் நிறைவேறவில்லை. கேம்ப்பின் மக்கள்தொகையைப் பார்த்தால் மூன்று இடம் மிக அதிகம். ஆனால் ஒரே தொகுதியானால் ஸ்டான்லியின் வாக்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். விமான ஓடுதளமும் படகுச் சேவையும் வெறும் செலவுக் கணக்காகத் தெரியும். இந்த அச்சத்துக்கு அடிப்படை உண்டு.

2013 தேர்தலிலிருந்து உறுப்பினர் பதவி முழுநேரச் சம்பளப் பணியானது. அதற்கு முன் கிடைத்தவை படிகளே. சம்பளம் வந்ததால் மாற்று ஆள் வைக்க முடிகிறது. ஆனால் கேம்ப்பில் பணம் இருந்தாலும் ஆள் கிடைப்பது அரிது. முழுநேரம் என்ற சொல்லோ கோடைக்கால வெட்டையும் சேர்த்தே விழுங்குகிறது.

ஆகவே போட்டியிட நினைப்பவர் முடிவெடுக்கவேண்டிய மாதம் நவம்பரல்ல, மார்ச். கழிவு ஆடுகளைப் பிரிக்கும்போதே, மே மாதம் எத்தனை பெட்டைகளைக் கிடாவுக்கு விடுவது என்று தீர்மானிக்கவேண்டும். 150 நாளில் வரும் குட்டிகளுக்குக் காதடையாளமும் வால்வெட்டும் கோடையில் நடக்கும். அன்று அவர் ஸ்டான்லியில் இருப்பார். பெட்டைகளைக் குறைத்து, கம்பளிக்கு மட்டும் வைத்திருக்கும் காயடித்த கிடாக்களைக் கூட்டினால் அந்த ஆண்டு இரண்டு பேர் வேலையை ஒருவரால் பார்க்க முடியும். குட்டி வருவாய் போகும், மந்தையின் அடுத்த தலைமுறையில் ஓர் ஆண்டு இடைவெளி விழும். அதன் பிறகு வெட்டுக்குழுவிடம் ஜனவரி நாட்களைக் கேட்டு வாங்கவேண்டும், பக்கத்துப் பண்ணையாரிடம் நாய்களைப் பற்றிப் பேசவேண்டும், வேட்புமனு அதற்கும் பிறகு.